காலைக் காற்றும் என் கைராசியும்

போன மாதம் பழைய ஆட்களையெல்லாம் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய டெஸ்டிங் ஹாலைச் சுற்றிக் காட்டினார்கள். கண்ணாடி அறைக்குள் இஞ்சின் ஓடுகிறது. வெளியே ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறாள். இஞ்சின் இழுக்கிற காற்றை ஒரு மெஷின் முதலில் குளிரவைத்து, வருஷம் முழுக்க ஒரே சூட்டில் அனுப்புமாம். வெளியே மார்கழியானாலும் சித்திரையானாலும் உள்ளே ஒரே காற்று. அந்தப் பெண் இதை ஏதோ சாதாரண விஷயம் மாதிரிச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? வேலையை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் எரிந்தது.

"ஆன்ட்டி, ஏசி இல்லாம நீங்கெல்லாம் எப்படி டெஸ்ட் பண்ணீங்க?" என்று அவள் கேட்டாள். நின்ற இடத்தில் சொல்கிற கதையில்லை அது. ஓய்வு பெற்றவர்கள் சங்கத்து மலருக்கு எதையாவது எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எண் மட்டும் எனக்கு என்றைக்கும் தடுக்கியதில்லை.

அப்போது எங்கள் ஷெட் பெங்களூரில் ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அடுகோடியில் இருந்த என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மேலே சிமெண்ட் ஷீட் கூரை. கீழே இரண்டு டெஸ்ட் ஸ்டாண்ட், இரண்டுக்கும் நடுவே இரண்டு கை நீட்டுகிற தூரம். தண்ணீர் இறைக்கிற பம்புக்கும் மருந்து அடிக்கிற மெஷினுக்கும் போடுகிற சின்ன இஞ்சின்கள்தான் எங்கள் சரக்கு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எண்ணெய் துடைக்க வந்தவள் இஞ்சின் கிளப்புகிறவளாக ஆன கதை நீளமானதில்லை. கயிறு இழுக்கிற ஆள் ஒருநாள் வரவில்லை, நான் இழுத்தேன், பிடித்துக்கொண்டது. ஆறு வருஷம் கழித்து என் கார்டில் டெஸ்டர் என்று எழுதினார்கள்.

வேலை இதுதான். இஞ்சினை ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதன் தண்டைத் தண்ணி பிரேக்கோடு சேர்க்க வேண்டும். அது ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே தண்ணீரை விடவிட இஞ்சினுக்குச் சுமை ஏறும். எவ்வளவு சுமையை இழுக்கிறது என்று மேலே ஒரு வட்டத் தராசில் முள் காட்டும். இருபது நிமிஷம் சும்மா ஓடவிட்டு, பிறகு வேகத்தை முழுதாகத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சொல்லியிருக்கிற சுற்றில் இஞ்சினை நிறுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பாஸ். தொடாவிட்டால் பிரித்துச் சரிபண்ண பக்கத்து ரூமுக்குத் திரும்பிப் போகும்.

பெண்கள் ராத்திரி ஷெட்டில் இருக்கக் கூடாது. அதனால் எனக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை. ஆறு மணிக்கு பெங்களூர்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மார்கழி, தையில் இஞ்சின் சுலபத்தில் கிளம்பாது. ஆண்கள் சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்று நிற்பார்கள். நான் காற்று போகிற வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இரண்டு தடவை மெதுவாக இழுப்பேன். கையில் ஈரம் தட்டியதும் கையை எடுத்துவிட்டு மூன்றாவதை வெடுக்கென்று இழுப்பேன். பிடித்துக்கொள்ளும். பதினோரு மணிக்குள் என் இஞ்சின்கள் எல்லாம் முடிந்துவிடும், முக்கால்வாசிக்கு மேல் பாஸ். மத்தியானம் பெயிலான இஞ்சினையும் மறுநாள் காலையில் என்னிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். அது என் கையில் பாஸாகும். கோவிந்தம்மாவுக்குக் கைராசி என்றார்கள். அப்போதிருந்த மேஸ்திரி ஒவ்வொரு புது பேட்சிலும் முதல் இஞ்சினை நான்தான் தொட வேண்டும் என்று உத்தரவே போட்டிருந்தார். ஒன்பது வருஷம் அப்படி நடந்தது. நானும் நம்பினேன். யார்தான் நம்பமாட்டார்கள்?

பிறகு ஸ்டெல்லா வந்தாள். கண்டோன்மெண்ட் பக்கத்துப் பெண், ஐடிஐ படித்தவள். என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவள். பத்தரையிலிருந்து ஏழு வரைக்கும் பக்கத்து ஸ்டாண்ட் அவளுக்கு. அவள் எழுதிய சீட்டைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். என் சீட்டில் எண் மட்டும் இருக்கும், பேர் இடத்தில் 'கோ' என்று ஒரு எழுத்து. அவள் கிளவுஸ் போட்டுக்கொண்டு கயிறு இழுப்பாள். எண்ணெய் படாமல் வீட்டுக்குப் போவாள். ஆனால் அவள் இஞ்சின்கள் பாதிக்குப் பாதி பெயிலாகும். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு அவள்மேல் அன்பு வரும்.

அந்த மேஸ்திரி போய் நஞ்சுண்டப்பா சார் போர்மேனாக வந்தார். தும்கூர்க்காரர். எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். இஞ்சின் ஓடும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு இஞ்சினின் முழு டெஸ்டையும் நின்றே பார்ப்பார். ஏதாவது சொல்ல வாயெடுத்தால் விரலைத் தூக்குவார். இஞ்சினை நிறுத்தி, அது டக்கென்று அடங்கிய பிறகுதான் "ஈக ஹேளு, சொல்லு" என்பார். கோபம் வந்தாலும் குரல் உயராது. கால்சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். வேலை அவருக்குப் பிடித்துப்போனால் ஒன்றும் சொல்லாமல் நம் ஸ்டாண்டில் ஒரு பிடி வைத்துவிட்டு நடப்பார். அந்த ஒரு பிடிக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஸ்டெல்லாவின் ஸ்டாண்டில் தோல் கிடந்தால் நான் எண்ணிப் பார்ப்பேன்.

வந்த மூன்றாம் மாதம் சார் ஒன்று சொன்னார். இரண்டு ஸ்டாண்டுக்கும் சேர்த்து ஒரு லீட் டெஸ்டர் போடப்போகிறோம். சீட்டில் கடைசிக் கையெழுத்து அவருடையது. எங்கள் ஷெட்டில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இடம் அது. ஒரே இடம், நாங்கள் இரண்டு பேர். சார் பாஸ் ரிஜிஸ்டரைத் திறந்து என் பக்கத்தையும் அவள் பக்கத்தையும் பார்த்தார். நான் மனசுக்குள் அப்போதே கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்துவிட்டேன், 'கோ' மட்டும் போதாதே.

அப்போது ஸ்டெல்லா சொன்னாள். "சார், ஒரு வாரம் அக்கா நேரத்தை எனக்குக் குடுங்க. என் நேரத்தை அவங்க எடுத்துக்கட்டும். எது கைராசின்னு பாத்துடலாம்."

"எடுத்துக்கோ தாயி," என்றேன். "ராசி என்ன கிளவுஸா, மாட்டிக்கிட்டுப் போறதுக்கு?"

அது சித்திரை மாதம். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் நின்றால் உச்சந்தலையில் தோசை ஊற்றலாம். முதல் நாள் எட்டு இஞ்சின் ஓட்டினேன், ஐந்து பெயில். முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றுவிடும். திட்டினேன், தட்டினேன், கார்புரேட்டரைத் திருகினேன். அதற்கு மேல் ஏறவில்லை. காலையில் ஸ்டெல்லா எட்டில் ஏழு பாஸ் போட்டிருந்தாள். கிளவுஸ் போட்ட கையால். வாரம் முழுக்க இதே கதை. சனிக்கிழமை யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம் என் கையைக் கும்பிட்டவர்கள்.

ஸ்டெல்லா என்னிடம் வந்து விளக்கம் சொன்னதுதான் அதைவிடக் கொடுமை. "ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒண்ணாக்கா? படி அதேதான். உள்ள இருக்கிறது கம்மி. சூடு ஏறுச்சுன்னா காத்து பொரி மாதிரி விரிஞ்சிடுது. இஞ்சின் ஒவ்வொரு தடவையும் அதே படிதான் இழுக்குது, ஆனா உள்ள சரக்கு இல்ல. அதான் இழுவை குறையுது. உங்க மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல."

தப்பில்லை என்றாளே, அதைத்தான் தாங்கமுடியவில்லை. தப்பு இல்லையென்றால் ராசியும் இல்லை. அந்த ஒன்பது வருஷமும் என் கையில் இருந்தது விடியற்காலைக் குளிர். வேறொன்றும் இல்லை.

நஞ்சுண்டப்பா சார் பைலிலிருந்து ஒரு சார்ட்டை எடுத்தார். அது ரொம்ப வருஷமாக அங்கேயே கிடந்ததாம், யாரும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. காற்று இத்தனை டிகிரி என்றால் முள் காட்டுகிற எண்ணை இத்தனையால் பெருக்கு என்று வரிசை வரிசையாக இருந்தது. காற்று சூடாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், குளிராக இருந்தால் கொஞ்சம் குறைத்துவிடும். ஸ்டெல்லா சிட்டி மார்க்கெட்டுக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இஞ்சின் காற்று இழுக்கிற வாய்க்கு நாலு விரல் தள்ளி, ஒரு கொக்கியில் நூலால் தொங்கவிட்டாள். முள்ளைப் பார்க்கிற அதே நேரம் தெர்மாமீட்டரையும் பார்த்து எழுத வேண்டும். நேரம் மாற்றியது மாற்றியபடியே இருக்கட்டும் என்றார் சார். "இன்னும் ஒரு மாசம். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தராசு."

முதல் வாரம் எண்ணிப் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய சமம். சமமாக இருந்தால் யாரைப் போடுவார்கள்? படித்தவளைத்தான். சீட்டு அழகாக எழுதுகிறவளைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை தெர்மாமீட்டரை இடம் மாற்றினேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கொக்கியில் இருந்த நூலை அவிழ்த்து, ஒரு சாண் தள்ளி, சைலன்சர் பக்கத்து போல்ட்டில் கட்டினேன். முப்பத்தேழு காட்டிக்கொண்டிருந்தது நாற்பத்தாறுக்கு ஏறியது. இஞ்சின் இழுத்த காற்று என்னவோ முப்பத்தேழுதான். ஆனால் சார்ட்டுக்கு அது தெரியாது. நாற்பத்தாறு வரிசையில் பார்த்துப் பெருக்கினால், கோட்டுக்குக் கீழே நின்ற முள் கோட்டுக்கு மேலே வந்துவிடும். நான் பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெர்மாமீட்டர் காட்டினதைத்தானே எழுதினேன்! அந்த வாரம் மூன்று தடவை என் ஸ்டாண்டில் கடலை விழுந்தது. தின்றேன். நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதக் கடைசியில் ஆனேக்கல்லிலிருந்து ஒரு புகார் வந்தது. சேவந்திப்பூ போடுகிற ஜெயம்மா என்கிற அம்மா. எங்கள் இஞ்சின் பூட்டிய பம்ப் வாங்கிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. காலையில் தண்ணீர் மேட்டுப் பாத்தி வரைக்கும் ஏறுகிறது, மத்தியானம் ஏறுவதில்லை, செடி வாடுகிறது என்றார்கள். சார் எங்கள் இரண்டு பேரையும் கம்பெனி வேனில் ஏற்றினார். இரண்டு ஸ்டாண்டின் தெர்மாமீட்டரையும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் முந்திக்கொண்டு என்னுடையதை போல்ட்டிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். சார் மடியில் ஒரு கட்டு டெஸ்ட் சீட்டு இருந்தது. சந்தாபுரா தாண்டும்வரை அதைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஜெயம்மா என் வயசுக்காரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இஞ்சினை அவளே கிளப்பினாள். பம்பு கீழ்ப்பாத்தியில் நன்றாகக் கொட்டியது. குழாயை மேட்டுக்கு எடுத்துப் போனதும் இஞ்சின் முனகியது. குழாய் வாயில் தண்ணீர் கிழவன் எச்சில் மாதிரி வழிந்தது. "காலைல தங்கம் மாதிரி ஓடுது. மத்தியானம் இதுக்கு உசுரே இல்ல. நான் செடிகிட்ட என்னன்னு சொல்றது?" என்று ஜெயம்மா கன்னடத்தில் கேட்டாள். பூ மொட்டுகள் தலை தொங்கிக் கிடந்தன. அவளுடைய அந்த வருஷத்துப் பிழைப்பு அங்கே நின்றுகொண்டிருந்தது.

சார் விரலைத் தூக்கி இஞ்சினை நிறுத்தச் சொன்னார். அது அடங்கியது. இரண்டு சீட்டை எடுத்து வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று இந்த இஞ்சினுடையது, கீழே 'கோ'. இன்னொன்று ஸ்டெல்லாவுடையது. நான் இதை ஓட்டிய அன்றைக்கு அவள் மத்தியானமும் நின்று ஒரு இஞ்சின் ஓட்டியிருந்தாள். ஒரே நாள், ஒரே மணி. அவள் சீட்டில் காற்று முப்பத்தேழு. என் சீட்டில் நாற்பத்தாறு.

"ஒரே ஷெட்டு," என்றார் சார். "ரெண்டு கை தூரம். அதுல ரெண்டு ஊரா?"

நான் சொன்னதை எழுதவே கூசுகிறது. ஆனால் சொன்னேன். "தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்தது ஸ்டெல்லா, சார். மார்க்கெட் சரக்கு. ஒண்ணு சரி, ஒண்ணு கோளாறுன்னு இருக்கும். அவளைத்தான் கேக்கணும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். சார் தலையாட்டிக்கொண்டு ஜெயம்மாவிடம் ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டார். இரண்டு தெர்மாமீட்டரையும் அதில் போட்டார். கால்மேல் கால் போடாமல், கடலை தின்னாமல், மண்ணில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். அந்த நேரம் எனக்கு ஒரு பிரசவ வலி நீளம் இருந்தது. பிறகு என்னை அருகில் கூப்பிட்டார். "கோவிந்தம்மா, நீதான் எண் நல்லாப் படிப்பியே. படிச்சுச் சொல்லு."

இரண்டும் இருபத்தாறு.

"இன்னொரு தரம் சொல்லு."

"இருபத்தாறு. ரெண்டும் இருபத்தாறு சார்." பிறகு எனக்கே தெரியாமல் மீதியும் வந்துவிட்டது. "தெர்மாமீட்டர்ல ஒண்ணுமில்ல. நான்தான் அதை சைலன்சர் பக்கத்துல கட்டினேன். இந்த இஞ்சின் பாஸாகியிருக்கக் கூடாது."

ஜெயம்மாவுக்குத் தமிழ் புரியாது. அவள் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, நான் ஏதோ இழவுச் செய்தி சொன்னேன் என்று நினைத்து என் தோளைத் தொட்டாள்.

சார் திட்டவில்லை. இஞ்சினைக் கழற்றி வேனில் ஏற்றச் சொன்னார், ஏற்றினோம். அதன் போல்ட்டுகளை நானும் ஸ்டெல்லாவும் எதிரெதிரே உட்கார்ந்து கழற்றினோம். அப்போதுதான் அவளைக் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று.

"பத்து நாளா தெரியும்க்கா. நூலோட முடிச்சு என் முடிச்சு இல்ல. நான் கட்டினா ரெண்டு முடிச்சு போடுவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பொறாமையில சொல்றேன்னுதானே எல்லாரும் பேசுவாங்க? எனக்கு உங்க மேல பொறாமை இருந்துச்சு. அதான் சொல்ல முடியல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படித்தவள், கண்டோன்மெண்ட்காரி, சுத்தமான கைக்காரி. அவளுக்கு என்மேல் எதற்குப் பொறாமை என்று கேட்டேன். மார்கழிக் குளிரில் மூன்றாவது இழுப்பில் இஞ்சின் கிளம்புகிறதே, அது சார்ட்டில் இல்லையே என்றாள்.

அந்த மாதம் நான் பாஸ் போட்ட இஞ்சின்களில் ஸ்டோரில் இருந்ததையெல்லாம் மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினேன். வெளியே போனவற்றில் முடிந்தவரை சார் திரும்ப வரவழைத்தார். தெர்மாமீட்டரை ஸ்டெல்லா கட்டினாள், இரண்டு முடிச்சு. நான் ஓட்டினேன். ஒன்பது இஞ்சின் பெயில். ஒன்பதையும் பிரித்துச் சரிபண்ண நானே கூட இருந்தேன். ஜெயம்மா இஞ்சினில் வால்வ் சரியாக உட்காரவில்லை. அதைத் தேய்த்து உட்காரவைத்து, ஆனேக்கல்லுக்குக் கொண்டுபோய், வேண்டுமென்றே மத்தியானம் ஒரு மணிக்கு ஓட்டிக் காட்டினேன். தண்ணீர் மேட்டுப் பாத்திக்கு ஏறியது. அங்கே பாதிச் செடிகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. மறுபடி நட வேண்டும் என்றாள்.

லீட் டெஸ்டர் இடம் ஸ்டெல்லாவுக்குப் போனது. நியாயம்தான். என் வேலையை எடுக்காமல் விட்டதே சாரின் பெருந்தன்மை. ஆனால் அதற்குப் பிறகு என் ஸ்டாண்டில் ஒரு கடலை கூட விழவில்லை, அவர் ரிடையர் ஆகிற வரைக்கும்.

ஸ்டெல்லா பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக என்னிடம் வந்து, காலை நேரத்தை நீங்களே எடுத்துக்குங்கக்கா, எனக்கு மத்தியானமே போதும் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன். மத்தியானமே எனக்குக் கொடு, சிமெண்ட் ஷீட்டுக்கு அடியிலேயே நிற்கிறேன் என்றேன்.

ரிடையராகும் வரை பத்தொன்பது வருஷம் அந்த வெயிலில் நின்றேன். அவள் குளிரில் ஓட்டினாள், நான் சூட்டில் ஓட்டினேன். தெர்மாமீட்டர் கொக்கியில்தான் தொங்கியது, நான் தொடவில்லை. ஒவ்வொரு மாசக் கடைசியிலும் ரிஜிஸ்டரைத் திறந்து அவள் பக்கத்தையும் என் பக்கத்தையும் எண்ணுவேன். ஒரு மாதம் அவளுக்கு இரண்டு கூடும். இன்னொரு மாதம் எனக்கு இரண்டு கூடும். வருஷக் கடைசியில் எப்படிக் கூட்டினாலும் சமமாகத்தான் வந்தது. அவள் என்னை ஜெயிக்கவில்லை, நானும் அவளை ஜெயிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.